ரோஸ்தோவ்-தோன் கதையை எழுத உதவிய எல்லோருக்கும்

வணக்கம். ரஷ்யாவின் ரோஸ்தோவ்-தோன் பெண்கள் ஹேண்ட்பால் கிளப்பின் வரலாற்றை ஒருவழியாகத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். என் பெயரில் வந்தாலும் அதில் பாதிக்கு மேல் உங்கள் உழைப்புதான், அதை எல்லோர் முன்னிலும் சொல்லியாக வேண்டும்.

முதலில் ரோஸ்தோவில் மருத்துவம் படிக்கும் தங்கைக்கு. தேர்வுக்கு நடுவிலும் நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களைப் படமெடுத்து அனுப்பி, புரியாத வரிகளை ஃபோனில் படித்துக் காட்டி, நான் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னாய். நீ இல்லாவிட்டால் சோவியத் காலம் எனக்கு வெறும் கோப்பைப் பட்டியலாகத்தான் இருந்திருக்கும்.

அவள் மூலம் பழக்கமான, ரோஸ்ட்செல்மாஷ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த அம்மாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. கதிரறுக்கும் இயந்திரம் செய்கிற தொழிற்சாலை அது. 1965-இல் தொடங்கிய அணிக்கும் அதே பெயர்தான், ஏனென்றால் அந்தக் காலத்தில் பெரிய தொழிற்சாலைகள்தான் விளையாட்டு அணிகளைத் தாங்கின. 1990-இல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையை (அந்தந்த நாட்டுக் கோப்பையை வென்ற அணிகள் மோதும் போட்டி) இந்த அணி வாங்கியபோது ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிலாளர்கள் அதைத் தங்கள் வெற்றியாகவே பேசிக்கொண்டார்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அடுத்த வருடமே சோவியத் ஒன்றியம் போய்விட்டது. அப்புறம் அணியின் பெயர் மாறியது, இஸ்டோச்னிக் என்றுகூட ஆனது, ஆனால் பார்க்கப் போனவர்கள் அதே ஆட்கள். இந்தக் கிளப்பைக் காப்பாற்றியது கோப்பைகளை விட அவர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன், என் கட்டுரை முழுவதும் நிற்பது அந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான்.

ஆட்ட நுணுக்கத்தைச் சொல்லிக் கொடுத்த பி.டி. டீச்சர் அக்காவுக்கும் நன்றி. ஆறு மீட்டர் கோட்டுக்குள் கோல்கீப்பர் தவிர யாரும் கால் வைக்கக்கூடாது, அதனால்தான் கோட்டுக்கு வெளியே எம்பிக் குதித்து காற்றிலிருந்தபடியே எறிகிறார்கள் என்று நீங்கள் விளக்கியபோதுதான் அன்னா வியாஹிரெவா எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரி என்று புரிந்தது. இடது கைக்காரர், அப்படியொன்றும் உயரமில்லை, ஆனாலும் உயரமான தடுப்பாட்டக்காரிகளுக்கு நடுவே சட்டென்று புகுந்து வெளியே வந்துவிடுவார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ரஷ்யா 22-19 என்று பிரான்ஸை வென்று தங்கம் வாங்கியபோது அவர்தான் சிறந்த வீராங்கனை, டோக்கியோவிலும் அவரேதான். ரியோவுக்குப் பிறகு ரோஸ்தோவுக்கு வந்தார்.

ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பு நடத்தும் ஈஎச்எஃப் கோப்பையின் 2015 இறுதியில் டென்மார்க்கின் ஹோல்ஸ்டெப்ரோவிடம் தோற்ற ரோஸ்தோவ் அணி, 2017-இல் ஜெர்மனியின் பீடிக்ஹைமை வென்று அதே கோப்பையை எடுத்தது. உள்நாட்டில் 2017 முதல் 2020 வரை தொடர்ந்து லீக் பட்டம். இதற்கெல்லாம் தேதி சரிபார்த்துக் கொடுத்த நண்பர்களே, உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

ஐரோப்பியக் கிளப்களுக்கான மிகப் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் 2019 இறுதிப் போட்டியின் முழுப் பதிவையும் தேடி அனுப்பிய தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். புடாபெஸ்டில், ஹங்கேரி அணியான க்யோரை அதன் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் எதிர்கொண்டு, 24-25, ஒரே ஒரு கோலில் போனது. ஸ்கோரை மட்டும் படித்திருந்தால் தோல்வி என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருப்பேன். அந்த அறுபது நிமிடத்தையும் பார்த்தபின் அதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினேன், இந்தக் கிளப் ஆடியதிலேயே பெரிய ஆட்டம் அதுதான் என்று யாரிடமும் வாதாடத் தயார்.

2022-இல் போர் தொடங்கியதும் ரஷ்ய அணிகளை ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பு தன் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது. அந்தப் பகுதியை எழுதத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன். போரில் வீடிழந்தவர்கள் படுகிற வேதனைக்கு முன் ஒரு கிளப்பின் இழப்பைப் பெரிதாக்கக்கூடாது, அதே நேரம் அந்த வீராங்கனைகளை மறந்துவிடவும் கூடாது என்று வரி வரியாகப் படித்துத் திருத்தியது என் மனைவி. அவளுக்கு நன்றி சொன்னால் கோபப்படுவாள், பரவாயில்லை, சொல்கிறேன்.

அடுத்து 1990 அணியைப் பற்றி மட்டும் விரிவாக எழுத ஆசை. அந்தக் காலத்துப் புகைப்படமோ நுழைவுச்சீட்டோ யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். தங்கச்சி, நீ முதலில் பரீட்சையை முடி.