ஸ்கேன் பக்கங்களை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை இணையதளங்களில் ஸ்கேன் பற்றி எழுதும் மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

போன வாரம் என் அம்மாவுக்கு வயிற்றில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி வழியாகச் சாய மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன். முந்தைய நாள் இரவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த மருத்துவமனையின் பக்கத்தைச் செல்போனில் எழுத்துக்கூட்டிப் படித்தார். 'அயோடின் சார்ந்த மாறுபாட்டு ஊடகம் செலுத்தப்படுகையில் தற்காலிக இரத்தநாள விரிவாக்க விளைவுகள் ஏற்படலாம்' என்று இருந்தது. "இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் தெரிந்தது. மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டது போலவே இருந்திருக்கிறது. அசையக்கூடாது, மூச்சை வேறு பிடிக்க வேண்டும். மானம் போயிற்று என்று நினைத்து அப்படியே படுத்திருக்கிறார். வெளியே வந்ததும் யாரும் பார்க்காதபடி உடையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். நனையவே இல்லை.

இது பலருக்கும் வருகிற உணர்வு, சீக்கிரமே அடங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? 'உடம்பு சூடாகும், சிறுநீர் போனது போலத் தோன்றும், ஆனால் போயிருக்காது, பயப்படாதீர்கள்' என்று எழுதியிருந்தால் போதுமே. தயவுசெய்து எங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

நோயாளிகளுக்கான எழுத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற அளவில் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கமே பரிந்துரைக்கிறது. நீங்களோ சக மருத்துவருக்கு எழுதுவது போல எழுதுகிறீர்கள். சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா, முன்பு சாய மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா என்பதெல்லாம் முதல் வரியில் கேட்க வேண்டியவை. அந்தப் பக்கத்தில் அவை எட்டாவது பத்தியில் கிடந்தன. அதுவரை படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-ரே கதிரே கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான். அதையும் நேராகச் சொல்லாததால் கதிருக்குப் பயந்து ஸ்கேனையே தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பக்கம் புரியவில்லை என்றால் யாரோ அனுப்பும் வீடியோவைத்தான் நம்புவார்கள். அப்புறம் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: புரிகிற மாதிரி எழுதுங்கள். வெளியிடும் முன் மருத்துவம் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்துங்கள்.

அம்மாவுக்கு ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் இருக்கிறது. அதற்குள் அந்த ஒரு வரியையாவது மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்