ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்கால இணைப்பில், பெரிய நகரத்தில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். காலையில் உயிரியல் பூங்கா, பதினொரு மணிக்கு அருங்காட்சியகம், மதியம் மீன் காட்சியகம், மாலையில் கோளரங்கம், இருட்டியதும் இசை நீரூற்று. ஐந்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நேரக் கணக்கும் கொடுத்திருந்தீர்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கணக்கை நம்பிக் கிளம்புகிற வீட்டில், சாயங்காலம் ஒரு பிள்ளை அழுதுகொண்டும் ஒரு பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டும்தான் திரும்பும். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும் என்று உங்கள் வாசகர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஓர் அறிவியல் மையத்தில் பல வருடங்கள் விளக்குநராக வேலை பார்த்தவள். காட்சிகளுக்குப் பக்கத்தில் நின்று, கேட்கிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். கைப்பிடிகளைப் பிய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பிள்ளைகளுக்கு நான் 'மிஸ்'. அங்கே நின்ற காலமெல்லாம் என் காதில் அதிகம் விழுந்தது அறிவியல் பற்றிய கேள்வி இல்லை. "வா வா, அடுத்தது பார்க்கலாம்" என்பதுதான். சொன்னவர்கள் எல்லோரும் பெரியவர்கள்.

எங்கள் கூடத்தில் ஒரு காற்றுக் குழாய் இருந்தது. அடியில் ஊதுகுழல் ஓடும். குழாயின் வாய்க்கு மேலே, எதையும் தொடாமல் ஒரு பந்து அந்தரத்தில் நிற்கும். பெரியவர்கள் வருவார்கள், பார்ப்பார்கள், ஒரு படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். ஒருநாள் ஆறு வயது இருக்கும், ஒரு பையன் அதன் முன்னால் நின்றான். முதலில் பந்தைத் தட்டிவிட்டான். விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தான், நின்றது. குழாயைக் கொஞ்சம் சாய்த்தான். விழுந்துவிடும் என்று நினைத்தான் போலிருக்கிறது, இன்னொரு கையை ஏந்தினாற்போல் வைத்துக்கொண்டான். பந்து விழவில்லை. சாய்ந்த காற்றோடு அதுவும் சாய்ந்து நின்றது. அப்புறம் தன் தொப்பியைக் கழற்றி வைத்துப் பார்த்தான். அது புரண்டு கீழே விழுந்தது. நுழைவுச்சீட்டை வைத்தான், பறந்தே போய்விட்டது. பந்துக்கும் குழாய்க்கும் நடுவே உள்ளங்கையை நீட்டினான், பந்து தொப்பென்று கையில் வந்து உட்கார்ந்தது. அவன் வீட்டார் இரண்டு கூடம் தள்ளிப் போயிருந்தார்கள். கூட நின்ற தாத்தா மட்டும், "அவன் பார்க்கட்டும், நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் கழித்துப் பையன் என்னிடம் வந்து, "மிஸ், பந்து ஓரமாப் போனா காத்து அதைத் திரும்ப உள்ளே தள்ளுது" என்றான்.

நடப்பது அதேதான். பந்து ஒரு பக்கம் விலகினால், அதன் வளைவை ஒட்டி ஓடும் காற்று வெளிப்பக்கமாகத் திரும்பிவிடும். காற்று வெளியே போனால், அதற்கு எதிர்விசையாகப் பந்து உள்ளே தள்ளப்படும். பக்கத்துப் பலகையில் இதைத்தான் எழுதி வைத்திருந்தோம். அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமம், ஆனாலும் கண்டுபிடித்துவிட்டான். அதற்கு அவனுக்குத் தேவைப்பட்டது நேரமும், பெஞ்சில் உட்காரத் தயாராக இருந்த ஒரு தாத்தாவும்.

அருங்காட்சியகம் ஆளைக் களைக்க வைக்கும் என்பது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. 1916-லேயே, பாஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், பார்வையாளர்கள் ஏன் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி, உள்ளே இருப்பதைப் பார்த்து அது பற்றிய சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைத்து, அப்போது அவர் குனிவதையும் வளைவதையும் எட்டிப்பார்ப்பதையும் வரிசையாகப் படம் எடுத்தார். நல்ல ஆரோக்கியமான ஒரு பெரிய மனிதருக்கே அவ்வளவு அவஸ்தை. மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பாதிப் பெட்டிகளில் தெரிவது மரச்சட்டமும் மேல்விளக்கின் பிரதிபலிப்பும்தான். மீன் காட்சியகத்தில் தொட்டிக்கு முன்னால் நிற்கிற குழந்தைக்கு, முன்வரிசைப் பெரியவர்களின் முழங்கால்தான் தெரியும். ஓர் இடம் குழந்தைகளுக்கு ஏற்றதா என்று சொல்வதற்கு முன்னால், எழுதுகிறவர் ஒருமுறை அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

குழந்தைகளுக்கென்றே தனி அருங்காட்சியகம் 1899-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கியது. பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு 1962-இல் இயக்குநராக வந்த மைக்கேல் ஸ்பாக், பொருட்களைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, 'தொடாதே' என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்தார். அவருக்கே எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் இருந்தது. கையால் பார்த்துப் புரிந்துகொள்கிற பிள்ளையின் கஷ்டம் அவருக்கு நன்றாகத் தெரியும். 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தை ஆரம்பித்த பிராங்க் ஓப்பன்ஹைமர் இயற்பியலாளர். கொஞ்ச காலம் கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்தியவர். அருங்காட்சியகத்தில் யாரும் ஃபெயில் ஆவதில்லை என்று அவர் சொல்வது வழக்கம். நான் அந்தத் தொழிலில் இருந்ததற்கே அந்த வார்த்தைதான் காரணம் என்று சொன்னாலும் தப்பில்லை. பள்ளியில் வாயே திறக்காத பிள்ளை எங்கள் கப்பிக் கயிற்று நாற்காலியில் உட்கார்ந்து, தன்னைத்தானே மேலே இழுத்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஐந்து இடத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்று ஓட வைத்தால், அங்கேயும் ஒரு பரீட்சை வந்துவிடுகிறது. எத்தனை இடம் முடித்தாய் என்பதுதான் மார்க்.

உயிரியல் பூங்காவுக்கும் இதே கதைதான். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கக்கூடிய விலங்கு. வெயில் ஏறிய பிறகு போய், கூண்டைத் தட்டி, "எழுந்திரு, எழுந்திரு" என்று கத்துகிற கூட்டத்தில் நம் பிள்ளையும் ஒன்றாக நிற்க வேண்டுமா? கதவு திறந்தவுடனே போங்கள். இரண்டே இரண்டு விலங்கு போதும், எவை என்று குழந்தையே சொல்லட்டும். குரங்குக்கு முன்னால் நின்றால், யார் யாருக்குப் பேன் பார்க்கிறது, குட்டி யாரிடம் ஓடுகிறது என்று கவனிக்கவே ஒரு காலைப்பொழுது சரியாக இருக்கும். மற்றவற்றை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் ஏன் அவசரப்படுகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெரிய நகரத்தில் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பதே அபூர்வம். பஸ் மாறி, ரயில் மாறி, வரிசையில் நின்று உள்ளே வருகிறார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று, எல்லாவற்றையும் பார்க்காமல் போனால் மனசு கேட்காது. அந்த நெருக்கடியை உண்டாக்குகிறவர்கள் இடங்களை நடத்துகிறவர்கள். கதவைத் தாண்டி வெளியே போனால் அதே டிக்கெட்டில் திரும்ப வர முடியாது என்று பல இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். வெளியே போய் மரநிழலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி உள்ளே வர முடிந்தால், அந்தக் குழந்தை இன்னொரு மணி நேரம் சந்தோஷமாக இருக்கும். கையில் ஒரு முத்திரை குத்தி அனுப்பினால் முடிந்துபோகிற காரியம் இது. அதேபோல் கடைசி ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் கொடுத்தால், பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஒரே ஒரு கூடத்தைப் பார்க்க அடிக்கடி வருவார்கள். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்க்கத்தானே குழந்தைகளுக்கு ஆசை.

அப்புறம் கழிப்பறை. இதை எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒரு குழந்தை ஓரிடத்தில் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை முடிவு செய்வது அதுதான். எத்தனையோ தாய்மார்கள், பிள்ளைக்கு அவசரம் வந்துவிடும் என்ற பயத்திலேயே தண்ணீர் கொடுக்காமல் கூட்டிக்கொண்டு வருவார்கள். மதியத்துக்குள் அந்தப் பிள்ளைக்குத் தலைவலி வந்துவிடும். கை கழுவுகிற தொட்டி பிள்ளைக்கு எட்டாது. யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் துணி மாற்றும் மேஜை பெண்கள் பக்கத்தில் மட்டும் இருக்கும். தனியாகக் குழந்தையைக் கூட்டிவந்த ஓர் அப்பா, எங்கள் படிக்கட்டில் துண்டை விரித்து மாற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். உதவி கேட்கக்கூட அவருக்குச் சங்கடமாக இருந்தது. பாலூட்ட ஓர் அறை, முதுகு சாய்க்கிற பெஞ்சு, வெயிலுக்கு நிழல், குடிக்கத் தண்ணீர். இவை இல்லாத இடத்தில் டைனோசர் நின்றாலும் அது குழந்தைகளுக்கான இடம் ஆகாது.

கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை வெளியே கூட்டிப்போகவே பல வீடுகளில் தயங்குகிறார்கள். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகச் சில நாட்களில் பொதுமக்கள் வருவதற்கு முன்பே திறந்து, சத்தம் போடும் காட்சிகளை அடக்கி வைக்கிறார்கள். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. காலையில் கொஞ்சம் சீக்கிரம் வருவதற்கு நாலு ஊழியர்கள் இருந்தால் போதும். என்னைக் கேட்டிருந்தால் நான் மகிழ்ச்சியோடு வந்திருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் பட்டியலில் இருந்தவை எல்லாம் டிக்கெட் எடுத்துப் போகிற பெரிய இடங்கள். ஆம்ஸ்டர்டாமில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர், தெருமுனைகளிலும் இடிந்த வீடுகள் இருந்த காலிமனைகளிலும் சின்னச் சின்ன விளையாட்டிடங்களை அமைத்தார். 1947-இல் ஒன்றில் தொடங்கி, முப்பது ஆண்டுகளில் எழுநூறைத் தாண்டியது. ஒரு மணல்குழி, அதைச் சுற்றி உட்கார அகலமான விளிம்பு, தாண்டிக் குதிக்கக் கற்கள், தொங்கிச் சுழல இரும்புக் கம்பிகள். அவ்வளவுதான். யானை உருவமோ வண்ணக் கோட்டையோ கிடையாது. கல்லை என்னவாக வைத்துக்கொள்வது என்பது பிள்ளைகளின் பாடு. நடந்து போகிற தூரத்தில் அப்படி ஒன்று இருந்தால், வருடத்துக்கு ஒரு நாளில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டிய கட்டாயம் எந்த வீட்டுக்கும் வராது. அந்த மாதிரி இடங்களையும் உங்கள் நிருபர்கள் தேடிப் போக வேண்டும். நகரங்களில் அவை இருக்கின்றன, பெயர்ப்பலகைதான் இருக்காது.

ஆகவே அடுத்த இணைப்புக்காக ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் இடத்தைப் பற்றி எழுதும்போதும், அங்கே என்ன இருக்கிறது என்பதோடு, எந்த நேரத்தில் கூட்டம் குறைவு, கழிப்பறை எந்தப் பக்கம், உட்கார இடமுண்டா, தள்ளுவண்டி ஏறுமா, வெளியே போய்விட்டு அதே டிக்கெட்டில் திரும்பலாமா என்பதையும் விசாரித்துப் போடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து என்ற நேரக் கணக்கை எடுத்துவிடுங்கள். பிள்ளைகளிடமிருந்தும் கடிதம் கேளுங்கள்: நீ ரொம்ப நேரம் நின்று பார்த்தது எது, அதில் என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்டால் போதும். எழுதத் தெரியாத பிள்ளை சொல்லச் சொல்லப் பெரியவர்கள் எழுதி அனுப்பட்டும். அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கினால், மற்ற வீட்டாருக்கு அதைவிட நல்ல பட்டியல் வேண்டியிருக்காது. வருகிற கடிதங்களைப் பிரித்துத் தொகுக்க ஆள் தேவைப்பட்டால் நான் வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் மைய விளக்குநர்,
உங்கள் நெடுநாள் வாசகி