மேலே என்ற சொல் இல்லாத நடனம்

மார்த்தாண்டம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மக்களே,

நலம்தானே? சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது, தேனீக்களும் குரங்குகளும்கூடத் தமக்குள் பேசிக்கொள்கின்றன என்றால் மனிதனின் மொழிக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்று நீ கேட்டாய். முப்பது ஆண்டுகளாகத் தேன்பெட்டிகளோடு வாழ்கிறவன் அதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டோமே என்று மனம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரப்பர்த் தோட்டத்துப் பெட்டிகளைத் திறந்து, தேனடை கட்டிய சட்டத்தைக் கையில் தூக்கிப் பார்க்கும்போது சில நேரம் தேனீக்களின் நடனத்தைக் காணலாம். வெளியிலிருந்து வந்த பணித்தேனீ ஒன்று வயிற்றை இருபக்கமும் வேகமாக அசைத்தபடி அடையின்மேல் நேர்கோட்டில் ஓடும்; பிறகு வலப்பக்கம் வளைந்து தொடங்கிய இடத்துக்கே வந்து, மறுபடி அதே கோட்டில் ஓடி, இம்முறை இடப்பக்கம் வளையும். நாலைந்து தேனீக்கள் உணர்கொம்புகளால் அதைத் தொட்டுக்கொண்டே பின்தொடரும். பெட்டிக்குள் இருட்டு அல்லவா, அவற்றுக்குத் தொடுதல்தான் கண். அந்த ஓட்டம் நேர் மேல்நோக்கி இருந்தால் சூரியன் இருக்கும் திசையில் பூ இருக்கிறது. நேர்மேலிலிருந்து நாற்பது பாகை வலப்புறம் சாய்ந்திருந்தால், சூரியனுக்கு நாற்பது பாகை வலப்புறத்தில் இருக்கிறது. எவ்வளவு நேரம் அசைத்து ஓடுகிறதோ அவ்வளவு தொலைவு. ஒரு நாள் காலை இதை நம்பிச் சூரியன் இருந்த பக்கமாகவே நடந்து போய், பூத்துக் குலுங்கிய முருங்கை மரம் ஒன்றின் அடியில் நின்றேன். அன்று எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்றும் குறையவில்லை.

இந்த நடனத்தின் பொருளைக் கண்டு சொன்ன கார்ல் வான் ஃபிரிஷ், நீ இப்போது வசிக்கும் அதே மியூனிக் நகரத்தின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களில் இலங்கைக்கு வந்து, நம் பக்கத்திலும் உள்ள தேனீ இனங்களை ஆராய்ந்தார். சிறு கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, அடையின் தட்டையான உச்சியில் நின்று, பூ இருக்கும் திசையை நோக்கி அப்படியே ஓடிக் காட்டுகிறது. நம் அடுக்குத்தேனீயோ அந்தத் திசையைச் செங்குத்தான அடையில் மேல் கீழாக மாற்றிச் சொல்கிறது. இதெல்லாம் வெறும் பிறவிக் குணம் என்றும் தள்ளிவிட முடியாது. அனுபவமுள்ள தேனீக்களின் ஆட்டத்தைப் பின்தொடர வாய்ப்பில்லாமல் வளர்ந்த இளந்தேனீக்கள் பிழையோடு ஆடியதையும், தொலைவைச் சொல்வதில் அவற்றின் பிழை பின்னாளிலும் நீங்காததையும் 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இவ்வளவு நுட்பமான நடனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வான் ஃபிரிஷ் ஒரு வானொலிக் கோபுரத்தின் அடியில் கூட்டை வைத்து, நேர் மேலே கோபுர உச்சியில் சர்க்கரைப் பாகை வைத்தார். அங்கே போய்க் குடித்துத் திரும்பிய தேனீக்கள் ஊக்கமாகத்தான் ஆடின. ஆனால் அந்த ஆட்டத்தைக் கண்டு புறப்பட்ட தேனீக்கள் கீழே சுற்றுவட்டாரமெங்கும் தேடினவே தவிர, உச்சிக்குப் போகவில்லை. ‘மேலே’ என்பதற்கு அவற்றின் நடனத்தில் சொல் இல்லை. தேவை வந்தபோதும் அவற்றால் ஒன்றைப் புதிதாக உண்டாக்க முடியவில்லை. நீ கேட்டதற்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

குரங்குகளின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. கென்யாவின் அம்போசெலியில் வாழும் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் என்று வெவ்வேறாகக் கத்துகின்றன. ஒலிப்பதிவை மட்டும் கேட்கச் செய்தபோதுகூட, சிறுத்தைக் குரலுக்கு மரத்தில் ஏறின, கழுகுக் குரலுக்கு வானத்தைப் பார்த்தன, பாம்புக் குரலுக்கு இரண்டு காலில் எழுந்து நின்று புல்லை நோட்டமிட்டன. அவற்றின் குட்டிகள் தீங்கற்ற பறவைகளுக்கும் கழுகுக் குரலை எழுப்புமாம். நம் பாப்பா போன ஆண்டு புறாவையும் கொக்கையும் ‘காக்கா’ என்றாளே, கிட்டத்தட்ட அப்படித்தான். குட்டி வளர்ந்ததும் எது உண்மையான கழுகு என்று பிரித்தறிகிறது. ஆனால் கழுகுக் குரலையும் பாம்புக் குரலையும் சேர்த்து மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல அதற்கு வழியில்லை.

பாப்பா என்ன செய்தாள் என்று நினைத்துப் பார். போன மாதம் சன்னலுக்கு வெளியே பனி கொட்டியபோது, அதற்கான தமிழ்ச் சொல் தெரியாமல், எங்களுக்குக் கைபேசியில் காட்டி, “தாத்தா, வெள்ளை மழை” என்றாள். வெள்ளையையும் மழையையும் நாம் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். இரண்டையும் இணைத்தது அவள்தான். அந்தச் சொல்லை அவள் அதற்குமுன் யாரிடமும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அது இயல்பாக வந்தது. அந்த முருங்கை மரத்தடியில் நின்றபோது வந்த அதே சிலிர்ப்பு அன்றும் எனக்கு வந்தது.

ஆகவே, மக்களே, ‘பனி’ என்ற சொல்லை அவளுக்கு உடனே சொல்லித் திருத்திவிடாதே, மெதுவாகச் சொல்லலாம். அவள் இப்படிச் சேர்த்துச் சொல்லும் சொற்களை நாட்காட்டியின் ஓரத்தில் உன் அம்மா எழுதி வருகிறாள். இதுவரை நான்கு ஆகியிருக்கின்றன. உன் காதில் விழுவதையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா