வந்தானா, வந்தாளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி பற்றி வந்த கட்டுரையையும், அவர் கதைகளைத் தமிழில் தொடராகப் போடப்போவதாக அதன் கீழே கட்டம் கட்டி வந்த அறிவிப்பையும் படித்தோம். தொடர் தொடங்கும் முன்பே சில விஷயங்களை எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

முதலில் கணக்கு. 'எண்பது நாவல்' என்று போட்டிருந்தீர்கள். துப்பறியும் நாவல்கள் 66, சிறுகதைத் தொகுதிகள் 14. இரண்டையும் கூட்டினால்தான் எண்பது. மேரி வெஸ்ட்மகாட் என்ற புனைபெயரில் எழுதிய ஆறு நாவல்களும் நாடகங்களும் இதில் சேராது. கடைசியாக வெளிவந்ததைக் கடைசியாக எழுதியது என்று சொல்லியிருப்பதும் சரியல்ல. 1975-இல் வந்த, துப்பறிவாளர் புவாரோவின் இறுதி நாவலும், கிறிஸ்டி மறைந்தபின் 1976-இல் வந்த, துப்புத் துலக்கும் கிழவி மிஸ் மார்ப்பிளின் நாவலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதி எடுத்து வைக்கப்பட்டவை. உண்மையில் கடைசியாக எழுதியது டாமி–டப்பன்ஸ் என்ற கணவனும் மனைவியும் துப்பறியும், 1973-இல் வந்த நாவல். இருப்பதிலேயே தளர்ந்த நாவலும் அதுதான், அதிலிருந்து யாரும் தொடங்க வேண்டாம். இன்னொன்று: துப்பறிவாளரின் பெயர் 'பாய்ராட்' என்று அச்சாகியிருந்தது. அவர் பெல்ஜியக்காரர், பிரெஞ்சு பேசுபவர். அந்தப் பெயரில் கடைசி எழுத்துக்கு ஒலி கிடையாது. 'புவாரோ' என்று எழுதினால் ஏறக்குறைய சரியாக வரும்.

இதெல்லாம் ஒரு திருத்தக் குறிப்பில் முடிந்துவிடும். எங்கள் கவலை தொடரைப் பற்றியது. கிறிஸ்டியின் நடை எளிது, பள்ளிப் பிள்ளைகளும் படிக்கலாம், ஆகவே மொழிபெயர்ப்பதும் எளிது என்று நினைத்துக் கையை வைப்பவர்கள்தான் அதிகம். அவர் துப்புகளை ஒளித்து வைப்பது சின்னச் சின்னச் சொற்களில். ஆங்கிலம் மூடி வைக்கிற சில இடங்களைத் தமிழ் தானாகத் திறந்துவிடும்.

வினைமுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஓர் உருவம் தோட்டத்துப் பக்கம் போனதை வேலைக்காரப் பெண் பார்த்தாள் என்று வையுங்கள். ஆங்கிலத்தில் அந்த வினைக்கு ஆண் பெண் கிடையாது. தமிழில் 'போனான்' என்று எழுதினால் வீட்டிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் அந்த வரியிலேயே சந்தேகத்திலிருந்து தப்பித்துவிடுவார்கள். 'போனாள்' என்றால் ஆண்கள். வசனத்தில் இதற்கு வழி கைவசம் இருக்கிறது: 'யாரோ போனாங்க' என்று அந்தப் பெண் சொன்னால் எல்லாரும் அதில் அடங்கிவிடுவார்கள். கதை சொல்லும் வரிகளில்தான் சிக்கல். 'போனது யார்', 'கதவைத் திறந்த கை', 'யாரோ போனமாதிரி இருந்தது' என்று ஓரிரு இடத்தில் சமாளிக்கலாம். பத்து இடத்தில் சமாளித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வாசகருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

சரியான வழி, முதல் அத்தியாயத்திலிருந்தே எல்லாருக்கும் 'ஆர்' விகுதி போடுவது. டாக்டர் வந்தார், மருமகள் வந்தார், தோட்டக்காரரும் வந்தார். இரண்டு அத்தியாயத்தில் கண் பழகிவிடும். அதன்பின் முகம் தெரியாத ஆள் 'வந்தார்' என்றால் யாருக்கும் உறுத்தாது. ஆனால் மொழிபெயர்ப்பவருக்கு முடிவு தெரியும். கொலைகாரருக்கு மரியாதை கொடுக்க அவர் கை கூசும். பாதிக் கதைக்கு மேல் அந்த ஒரு ஆளுக்கு மட்டும் 'ஆர்' தேய்ந்து 'ஆன்' ஆகியிருப்பதைப் பல மொழிபெயர்ப்புகளில் பார்க்கலாம். எழுதி முடித்ததும் சந்தேகப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் வரும் வினைமுற்றுகளை மட்டும் தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை.

அடுத்தது நீ, நீங்கள். முன்பின் தெரியாதவர்கள்போல நடிக்கும் இருவர் உண்மையில் நெருங்கியவர்கள் என்பது கிறிஸ்டி திரும்பத் திரும்பப் பயன்படுத்திய வித்தை. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழில் அவர்கள் வாயில் ஒரு 'நீ' தவறி விழுந்தால் கதை அங்கேயே முடிந்தது. பாத்திரங்களை மேலே வரிசையாகவும் பக்கவாட்டில் வரிசையாகவும் எழுதி, யார் யாரை எப்படி அழைக்கிறார் என்று கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டு பதிவு: ஊருக்கு முன்னால் எப்படி, தனியே எப்படி. பன்னிரண்டு பாத்திரம் என்றால் 132 கட்டம் என்று பயப்பட வேண்டாம், பாதிக்குமேல் காலியாகத்தான் இருக்கும்.

உறவுமுறை இதைவிடக் கடினம். கிறிஸ்டியின் கொலைகளில் பல சொத்துக்காக. ஆங்கிலத்தில் 'ஆன்ட்' என்று ஒரு சொல்லோடு விட்டுவிடலாம். தமிழில் அது அத்தையா, சித்தியா, பெரியம்மாவா, மாமியா? எதை எழுதினாலும் அந்த அம்மாள் அப்பா வழியா அம்மா வழியா என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். செட்டிநாட்டில் பாட்டி என்ற சொல்கூடப் பொதுவாக நிற்காது. அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவர் ஆயா. சொத்து எந்த வழியில் இறங்குகிறது என்பதை ஆசிரியர் இருபதாம் அத்தியாயத்தில் சொல்ல நினைத்திருக்க, மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் அத்தியாயத்தில் சொல்லிவிடக் கூடாது. நாவல் முழுவதையும் படித்துக் குடும்ப மரம் வரைந்துகொண்ட பிறகே முதல் வரியை எழுத வேண்டும். உறவை மூடியே வைக்கவேண்டிய இடத்தில் 'ஆன்ட்டி', 'அங்கிள்', 'கசின்' என்று அப்படியே விடுவதில் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

நஞ்சு விஷயத்தில் தாராளம் கூடவே கூடாது. முதல் உலகப் போரின்போது டார்க்கி ஊர் மருத்துவமனையின் மருந்துக் கூடத்தில் வேலை பார்த்து, 1917-இல் மருந்தாளருக்கான தேர்விலும் தேறியவர் கிறிஸ்டி. அளவும் குணமும் தெரிந்து எழுதினார். 1961-இல் வந்த நாவல் ஒன்றில் தாலியம் நஞ்சின் அறிகுறிகளை எவ்வளவு சரியாகச் சொல்லியிருந்தார் என்றால், 1977-இல் லண்டனில் நோய் பிடிபடாமல் கிடந்த ஒரு குழந்தைக்குத் தாலியமாக இருக்கலாம் என்று, அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலியர் சொன்னார். 1920-இல் வந்த முதல் நாவலில் நஞ்சு ஸ்ட்ரிக்னின், நம் எட்டிக்கொட்டையில் இருப்பதுதான். எழுபதாயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலும் கசப்புத் தெரியும், கோகோவின் சுவையால் அந்தக் கசப்பை மறைக்க முடியாது என்று விசாரணையில் ஒரு டாக்டர் சொல்கிறார். காபியா கோகோவா என்பதில் பல பக்கம் ஓடுகிறது. கோகோ நம் வாசகருக்குப் பழக்கமில்லையே என்று 'சூடான பால்' என்றோ, இரண்டுமே காபி என்றோ மாற்றினால் விசாரணைக்கே பொருள் இல்லாமல் போகும். இன்னொரு சிறுகதையில், சேஜ் என்ற வாசனை இலையோடு ஃபாக்ஸ்குளோவ் என்ற நச்சுச் செடியின் இலையும் சேர்ந்து பறிக்கப்பட்டு வாத்துக் கறிக்குள் போய்விடுகிறது. பூக்காத பருவத்தில் இரண்டு இலையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், அதுதான் கதையின் அச்சாணி. சேஜைக் கொத்தமல்லி ஆக்கினால் எந்தச் சமையற்காரரும் இப்படி ஏமாறமாட்டார். ஃபாக்ஸ்குளோவை ஊமத்தை ஆக்கினாலும் தப்பு. அது இதயத்தைத் தாக்குவது, ஊமத்தை புத்தியைத் தடுமாற வைப்பது. பின்னால் வரும் மருத்துவ விவரம் எதுவும் பொருந்தாது.

வீடு, சட்டம், சமயம் மூன்றிலும் குழிகள் உண்டு. 'பிரெஞ்சு ஜன்னல்' என்று எழுதினால் நம்மவர் கம்பி போட்ட ஜன்னலைத்தான் நினைப்பார். அது தோட்டத்துக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவு, ஆள் வரவும் போகவும் முடியும். ஜன்னல் என்று படித்தவர் 'உள்ளே எப்படி வந்தார்கள்' என்று கடைசிவரை குழம்புவார். 1930-இல் வந்த முதல் மிஸ் மார்ப்பிள் நாவலில் கதை சொல்பவர் ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர். அவரைக் கத்தோலிக்கர்களின் 'பங்குத்தந்தை' ஆக்கிவிட்டு, இளம் மனைவியோடு சாப்பிட உட்கார வைத்தால் கொலைக்கு முன்பே வேறு வழக்கு நடக்கும்! உயில் விஷயமும் அப்படியே. இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் ரத்தாகிவிடும். நம் நாட்டில் இந்துக்கள் எழுதிய உயில் கல்யாணத்தால் ரத்தாகாது. இதை அரை வாக்கியத்தில் சொல்லாவிட்டால், பணக்கார விதவை மறுமணம் செய்ததும் வீடே ஏன் கலங்குகிறது என்று வாசகருக்குப் புரியாது.

இதெல்லாம் தொல்லை, பேசாமல் தமிழ்நாட்டுக் கதையாக மாற்றிவிடலாமே என்று யோசனை வரும். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் மேல்நாட்டு நாவல்களைத் தழுவி அப்படி எழுதித்தான் பெயர் வாங்கினார்கள். கிறிஸ்டிக்கு அது ஒத்துவராது. செட்டிநாட்டு வீட்டையே வைத்துப் பாருங்கள். முகப்பு, வளவு என்ற நடு முற்றப் பகுதி, இரண்டாம் கட்டு என்று கொலைக்கு வாகான இடங்களுக்குக் குறைவில்லை, வெளியிலிருந்து தெரியாத மாடியும் உண்டு. ஆனால் எங்கள் பக்கம் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவது வழக்கம். ஒரே கூரையின் கீழே ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், உலை தனி. கிறிஸ்டியின் மாளிகையில் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிடுகிறார்கள். ஒருவர் மட்டும் சாகிறார். அந்தப் புதிரை வளவுக்குள் கொண்டுவந்தால் யார் அடுப்பில் சமைத்தது என்று கேட்டதுமே பாதி ஆட்களைக் கழித்துவிடலாம்.

சொல்லுக்குப் பஞ்சம் வந்தால் தேவகோட்டைக்காரரான எழுத்தாளர் தமிழ்வாணனைப் புரட்டச் சொல்லுங்கள். கூடியவரை ஆங்கிலம் கலக்காமலே தன் துப்பறிவாளர் சங்கர்லாலை ஊர் ஊராகத் துப்பறிய வைத்தவர். கிறிஸ்டி மறைந்த மறு ஆண்டு, 1977-இல் மறைந்தார். இருவருக்கும் கதைப்போக்கு வேறு, ஒப்பிடத் தேவையில்லை. ஆனால் துப்பறியும் கதைக்கு வேண்டிய புழங்குசொல் அவரிடம் கொட்டிக் கிடக்கிறது.

சில இடங்களில் மொழிபெயர்ப்பாளர் புதிதாகத்தான் செய்ய வேண்டும். 1939-இல் வந்த, தீவில் பத்துப் பேர் மாட்டிக்கொள்ளும் நாவலில் ஒரு குழந்தைப் பாட்டு வருகிறது. ஒவ்வொரு சாவும் அதன் ஒவ்வொரு வரியை ஒட்டி நடக்கும். அதில் ஒரு வரியில் வரும் மீனின் பெயர் 'ரெட் ஹெர்ரிங்', ஆங்கிலத்தில் மோப்பம் பிடிப்பவரைத் திசை மாற்றுவதற்கும் வழங்கும் சொல். 'சிவப்பு மீன்' என்று எழுதினால் துப்பு செத்துவிடும். 'போக்குக் காட்டிய மீன்' என்றால் பாட்டும் கெடாது, துப்பும் உள்ளேயே இருக்கும். 1950-இல் வந்த மார்ப்பிள் நாவலில் ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுத்துக்கூட்டுவது துப்பு. தமிழில் கறுப்பு, கருப்பு போல இரண்டு வடிவமும் வழக்கில் உள்ள சொல்லாகப் பார்த்து வைக்கலாம். வைத்துவிட்டு உங்கள் பிழைதிருத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்திரிகை வழக்கப்படி அவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் கதைக்கு முடிவு கிடையாது.

தொடராகப் போடுவதில் எங்களுக்கு ஒரு தயக்கம். அறுபதாயிரம் சொல் கொண்ட நாவலை வாரம் ஆயிரத்தைந்நூறு சொல்லாகப் போட்டால் நாற்பது வாரம். மூன்றாம் வாரத்தில் வைத்த துப்பை முப்பத்தெட்டாம் வாரத்தில் எந்த வாசகர் நினைவில் வைத்திருப்பார்? அதனால் 1932-இல் வந்த, பதின்மூன்று கதைகள் கொண்ட மிஸ் மார்ப்பிள் தொகுதியிலிருந்து தொடங்கலாம். ஒருவர் புதிர் சொல்ல, மற்றவர்கள் விடை தேட, மூலையில் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருக்கும் கிழவி கடைசியில் வாய் திறப்பார். புதிரை ஒரு ஞாயிறும் விடையை அடுத்த ஞாயிறும் போடலாம். பிரிக்கும் இடத்தைக் கிறிஸ்டியே செய்து வைத்திருக்கிறார்.

உரிமை வாங்கியாகிவிட்டதா என்று அறிவிப்பில் இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் ஆசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. கிறிஸ்டி 1976 ஜனவரியில் மறைந்தார். ஆகவே 2036 முடியும்வரை அனுமதி தேவை. பழைய நாவல்தானே, அமெரிக்காவில் உரிமை தீர்ந்துவிட்டதே என்பது இங்கே செல்லாது.

நாவல் போடுவதானால் மூலத்தில் உள்ள வீட்டு வரைபடங்களை விட்டுவிடாதீர்கள். முதல் நாவலில் மாடி அறைகளின் படம் உண்டு, யார் அறைக்கும் யார் அறைக்கும் நடுவில் கதவு என்பது அதில்தான் தெளிவாகும். இடம் போதவில்லை என்று அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டவேண்டும் என்றால் ஓவியத்தை வெட்டுங்கள். ஓவியம் வேண்டும் என்றால் ஓவியருக்கு அந்த வாரப் பகுதியை மட்டும் கொடுக்காமல், முகம் தெரியாத ஆளை எப்படிக் காட்டக் கூடாது என்றும் எழுதிக் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வினைமுற்றாகப் பார்த்து மறைத்து வைத்திருக்க, கதவைத் திறக்கும் கைக்கு ஓவியர் வளையல் போட்டுவிடுவார்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
காரைக்குடி