போர்க்களப் பூங்காவுக்குள் ஒரு பழைய ஊர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, டென்னசி மாநிலத்து ஷைலோ பூங்காவின் கதையை 1862 ஏப்ரல் 6, 7 ஆகிய இரு நாள்களோடு முடித்துக்கொண்டது. மாண்டோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர், காணாமற்போனோர் என இரு தரப்பிலும் 23,000க்கும் மேற்பட்டோரின் இழப்பைக் கண்ட போருக்கு அந்த முதன்மை தகும். ஆயினும், அதே பூங்காவுக்குள் ஆற்றங்கரை மேட்டில் ஏறத்தாழ கி.பி. 1100 முதல் 1350 வரை மிசிசிப்பியப் பண்பாட்டு மக்கள் (மண்மேடுகள் எழுப்பிய அமெரிக்கத் தொல்குடியினர்) வாழ்ந்த ஊர் ஒன்று இருப்பதற்கு ஒரு வரியேனும் ஒதுக்கியிருக்கலாம். (அப்பகுதியின் எழுத்துச் சான்றுகள் ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே தொடங்குவதால், இக்காலமும் அங்கே வரலாற்றுக்கு முற்பட்டதாகவே கொள்ளப்படுகிறது.)

தட்டையான உச்சியுடைய பெரிய மண்மேடுகளோடு, குச்சிகளைப் பின்னி மண் பூசிய வீடுகள் இடிந்து கரைந்த இடங்களும் தாழ்வான வட்டத் திட்டுகளாக அங்கே இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. 1894இல் போரின் நினைவாகப் பூங்கா அமைக்கப்பட்டதால் அந்த நிலத்தில் ஏர் ஓடவில்லை. அவை தப்பிப் பிழைத்ததற்கு அதுவே காரணம். எனினும், தொடக்கத்தில் பூங்கா நிர்வாகமே பொறுமை காக்கவில்லை. 1899இல் ஒரு மேட்டைக் குடைந்து, மண்டியிட்ட மனித உருவில் செதுக்கிய புகைபிடிப்பதற்கான அழகிய கல் குழாயை எடுத்தார்கள். முறையான பதிவுகளோடு அகழ்ந்திருந்தால் அந்த மேட்டைப் பற்றி இன்னும் எவ்வளவோ அறிந்திருப்போம். ஆற்றின் அரிப்பால் சரியத் தொடங்கிய மற்றொரு மேட்டை 1999 முதல் சில ஆண்டுகள் படிப்படியாக அகழ்ந்து பதிவுசெய்த முறையே பாராட்டுக்குரியது.

போர்க்களத்தை ஆய்வுசெய்தாலே நிலம் முழுவதையும் ஆய்ந்ததாகிவிடும் என்ற எண்ணமும் கட்டுரையில் தொனிக்கிறது. போர்க்கள ஆய்வின் முதன்மைக் கருவியான மெட்டல் டிடெக்டர் ஈயக் குண்டையும் பித்தளைப் பொத்தானையும் காட்டிக்கொடுக்கும். கற்கருவி செதுக்கும்போது தெறித்த சில்லும் பானை ஓடும் அதற்கு அகப்படமாட்டா. அவற்றுக்காகச் சீரான இடைவெளியில் சிறு குழிகள் தோண்டி, மண்ணைச் சலித்து, ஒவ்வொரு குழியிலும் கிடைத்ததையும் கிடைக்காததையும் குறித்தாக வேண்டும். எரிந்த வீட்டின் சுட்ட மண்ணும் அடுப்புத் தடமும், நிலத்தின் காந்தப்புல வேறுபாடுகளை அளக்கும் காந்தமானியில் தனியே புலப்படுவதால், தோண்டாமலேயே ஊரின் அமைப்பை ஓரளவு வரைந்துவிடவும் முடியும். பூங்கா ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்குவோர் போர்க்களத் தேடல், பழைய ஊரின் தேடல் ஆகிய இவ்விருவகைப் பணிகளையும் தனித்தனியே கணக்கில் கொள்வதுதான் முறை.

ஆய்வறிக்கைகளில் தொல்லிடங்களின் துல்லியமான அமைவிடம் தரப்படவில்லை எனக் கட்டுரையாளர் குறைபட்டிருப்பதையும் ஏற்க இயலவில்லை. கூட்டரசு நிலத்தில் தொல்பொருள்களை அனுமதியின்றி எடுப்பதைக் குற்றமாக்கும் அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டுச் சட்டமே, களவுக்கு வழிவகுக்கக்கூடிய அமைவிடத் தகவலை வெளியிடாமல் காக்கவும் வகைசெய்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்