பிள்ளையைக் குழப்பாத, மச்சான்

பரந்தன்

மச்சான்,

பதில் போடாமல் மாரியும் முடிஞ்சு போச்சு. பேசுறதெண்டால் நேரில வந்து பேசு. இங்க எல்லாரும் சுகம். இரணைமடுத் தண்ணியில வயல் பிழையில்லை. கட்டையருக்கு மட்டும் வழமைபோல எல்லாத்திலயும் குறை.

எழுதுறது உன்ர மகளுக்காக. லித்தியம் பற்றரி பற்றின தன்ர ஆராய்ச்சித் திட்டத்தை எனக்கு அனுப்பினவள். நீ “உந்த உப்புப் புளி கலக்கிற வேலைக்கோ படிப்பிச்சனான், வயசும் போகுது” எண்டியாம். அடேய், ஏஎல்லில கெமிஸ்ட்ரிக்கு எஸ் எடுத்த நீ கதைக்கிற கதையோ? பொருளாதாரத் தடைக்காலத்தில டோர்ச் பற்றரியை ஆணியால துளைச்சு, உப்புத்தண்ணி விட்டு, வெயில்ல வைச்சுத்தானே ரேடியோவில செய்தி கேட்டனாங்கள். லித்தியம் பற்றரிக்கு லித்தியம் கோபாற்று ஒட்சைட்டை 1980இல தந்த விஞ்ஞானி குடினஃப்புக்கு நோபல் கிடைச்சது 2019இல, 97 வயசில. ஆருக்கு வயசு போகுது?

விசயம் இதுதான். கோபாற்று விலை கூட, அதால பற்றரியின்ர நேர்முனையில, அதாவது கதோட்டில, நிக்கலைக் கூட்டுகினம். கொள்ளளவு ஏறும். ஆனா இரட்டை ஏற்ற நிக்கல் அயனும் லித்தியம் அயனும் பருமனில கிட்டக்கிட்ட. நிக்கல் போய் லித்தியத்தின்ர இடத்தில குந்தினால், திரும்பி வாற லித்தியத்துக்கு வழி அடைபடும். முழுக்க சார்ஜ் ஏறின கதோட்டு சூடேறினால் ஒட்சிசனையும் விடும். நெருப்புப் பயம் அங்கதான். அதுக்குத்தான் உன்ர மகள் அலுமினியம் மாசூட்டப் போறாள், அதாவது பளிங்குக்குள்ள கொஞ்சமாச் சேர்க்கப் போறாள். அலுமினியம் ஒட்சிசனை இறுக்கிப் பிடிக்கும், கட்டமைப்புக் குலையாது. ஆனா மின்னைத் தேக்க அது ஒரு சதத்துக்கும் உதவாது. கூடப் போட்டால் கொள்ளளவு விழும்.

இவ்வளவும் சரி. ஒரு வரிதான் என்னை யோசிக்க வைச்சது: கொஞ்சம் சேர்த்தால் மின் கடத்துதிறன் பல மடங்கு கூடுமெண்டு எழுதியிருக்கிறாள். 2002இல அமெரிக்காவில எம்ஐடியில சியாங் ஆக்களும் லித்தியம் இரும்புப் பொசுபேற்று எண்ட இன்னொரு கதோட்டுப் பொருளுக்கு நயோபியம் மாதிரி உலோகம் கொஞ்சம் போட்டு, பத்துக் கோடி மடங்கு கூடினதெண்டு அறிவிச்சவை. உலகமே துள்ளினது. 2004இல உங்கட கனடாவிலயே, வாட்டர்லூவில லிண்டா நசார் ஆக்கள் கிண்டிப் பாத்தால், சூடாக்கேக்க மணிகளைச் சுத்தி இரும்புப் பொசுபைட்டு வலை மாதிரிப் படர்ந்திருக்கு. மின் அதுக்குள்ளால ஓடினதெண்டு சொல்லிச்சினம். சண்டை கனகாலம் நடந்தது. எனக்கு நசார் பக்கம்தான் நியாயம்.

அதால அவளிட்டக் கேள்: போட்ட அலுமினியம் பளிங்குக்குள்ள போனதோ, மேல தோலாப் படிஞ்சதோ? தோலும் உதவும், ஆனா அது வேற கதை. உள்ள போயிருந்தால் எக்ஸ்கதிர்ப் படத்தில கோடுகள் நகரும்; நகர்ந்திருக்கோ எண்டு பாக்காமல் “மாசூட்டினன்” எண்டு எழுத வேண்டாமெண்டு சொல்லு. நானும் எழுதுறன், ஆனா உன்ர வாயால வந்தால் அப்பா வாசிச்சிருக்கிறார் எண்டு சந்தோசப்படுவாள்.

கணக்கியல் படி எண்ட கதையை இனி எடுக்காத. ஆடியில வாறதெண்டால் முதலே சொல்லு, கட்டையர் உன்னட்டக் கேக்க ஒரு பட்டியல் வைச்சிருக்கிறார்.

உன்ர,
ராசன்