பாதியில் நின்ற இரு கதைகள்

ஆசிரியருக்கு,

படித்து ரசித்த தன்வரலாறுகளைப் பற்றி வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களை விடாமல் படிக்கிறேன். என் பங்குக்கு இரண்டு. இரண்டுமே பாதியில் நின்றவை.

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. 1942இல் அவர் மறைந்தபோது முடியாமலே நின்றுபோனது. ஏடு தேடி அலைந்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு நெருக்கமானவை, மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட பக்கங்கள். ஆசிரியர் மேல் அத்தனை பக்தி, ஆனாலும் அவருடைய கடன் தொல்லையை மறைக்கவில்லை.

அப்புறம், ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு. நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்திருந்த யூதச் சிறுமி தோன்றியதை எழுதிவைத்தாள் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். போர்க்கால நாட்குறிப்புகளைச் சேகரிக்கப் போவதாக 1944 மார்ச்சில் வானொலியில் கேட்டபின், புத்தகமாக்கும் எண்ணத்தோடு அதைத் தானே திருத்தி எழுதியிருக்கிறாள். 14 வயதில்! கடைசிப் பதிவு அந்த ஆண்டு ஆகஸ்ட் 1. மூன்றே நாளில் பிடிபட்டார்கள்.

பிரபலங்கள் ஆள் வைத்து எழுதும் சுயசரிதைகள் எனக்கு ஒட்டுவதில்லை (அதில் எழுதியவர் எப்போதும் நல்லவர்). அதிகம் அறியப்படாதவர்களின் வாழ்க்கைக் கதைகளைப் படித்தவர்கள் எழுதுங்களேன், பதிப்பக விவரத்தோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்